பள்ளிக்கரணையில் கார் வைத்திருப்பவர் யாரிடம் இன்சூரன்ஸ் எடுப்பது?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்கள் கார்களால் நிரம்பிவிட்டன. போலீஸ் அபராதம் போடுகிறது என்று வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்ப, அப்படி எதுவும் இல்லை என்று போக்குவரத்துக் காவல்துறையே சொல்ல வேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கரணைக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த ஊரின் அடுக்குமாடி வளாகம் ஒன்றில் கார்கள் வரிசையாக வெள்ளத்தோடு இழுத்துச் செல்லப்பட்ட வீடியோவை நாடே பார்த்தது.

மேம்பாலத்தில் நிறுத்துவது நல்ல யோசனைதான், காசும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் அங்கே இடம் இல்லை. அலுவலகத்தில் நைட் ஷிப்ட் இருந்தால் வண்டியை ஏற்றி நிறுத்த வீட்டில் ஆளும் இல்லை. கடைசியில் நம்ப வேண்டியது பாலிசியைத்தான். அந்தப் பாலிசியை விற்ற கம்பெனிக்குப் பரீட்சை நடப்பது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கிளைம் கேட்கும் அந்த ஒரு வாரத்தில். மற்ற 51 வாரமும் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். அந்த ஒரு வாரத்தை மனதில் வைத்துக்கொண்டு கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

ஊரின் நிலத்தை முதலில் பாருங்கள். நாராயணபுரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இறங்கி வந்து சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் இது. தண்ணீரைத் தேக்கி வைப்பதே அதன் வேலை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் வந்தது என்று இங்கே பழைய குடியிருப்பாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். தெருவில் நின்ற தண்ணீர் மறுநாளே வடிந்துவிடும் என்று இங்கே கணக்குப் போட முடியாது. பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் இன்னும் மோசம்.

விலை வேறுபடாத பாதி

கார் இன்சூரன்ஸில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேர்ந்த சேதத்துக்கு இது பணம் தரும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கே நேரும் சேதம். வெள்ளத்துக்குப் பணம் கிடைப்பது இதிலிருந்து மட்டும்தான். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குப் பிறகு கிளைம் கேட்டால் ஒரு ரூபாய்கூட வராது.

தேர்டு பார்ட்டி கட்டணத்தைக் கம்பெனிகள் தீர்மானிப்பதில்லை. மத்திய அரசு தீர்மானிக்கிறது. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. யாரிடம் வாங்கினாலும் இதே தொகைதான். ஆகவே "எங்களிடம்தான் மலிவு" என்று ஒருவர் சொன்னால், அவர் குறைத்திருப்பது ஓன் டேமேஜ் பங்கில். எதைக் குறைத்து அந்த விலை வந்தது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

புதுக் கார் வாங்கும்போது ஷோரூமில் மூன்றாண்டு தேர்டு பார்ட்டியும் ஓராண்டு ஓன் டேமேஜும் சேர்த்துத் தருவார்கள். இரண்டாம் ஆண்டு ஓன் டேமேஜை மட்டும் வேறு கம்பெனியில் எடுக்கலாம் என்பது 2019 செப்டம்பரிலிருந்தே உள்ள வசதி. பலருக்கு இது தெரியாது. ஷோரூமிலிருந்து போன் வந்தால் அதே கம்பெனிக்கே பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த இரண்டாம் ஆண்டுதான் நீங்கள் உண்மையில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு.

முழங்கால் தண்ணீர் ஒன்று, பேஸ்மென்ட் தண்ணீர் வேறு

எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன், எந்த வெள்ளத்துக்காக என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, வேளச்சேரி–தாம்பரம் சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டிப் போவது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். வண்டி நின்றதும் பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் சேதம் இன்னும் பெருகும். சாதாரண ஓன் டேமேஜ் பாலிசி வெள்ளத்தை ஏற்கும்; ஆனால் இப்படி என்ஜினுக்குள் வரும் சேதத்தை "பின்விளைவு நஷ்டம்" என்று ஒதுக்கிவிடும். அதற்குத்தான் என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு.

இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறுகிறது. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி இயக்கிப் பார்த்ததால் வந்த சேதத்தைச் சிலர் ஏற்பதில்லை. குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட காருக்குச் சிலர் இந்தக் காப்பையே தருவதில்லை. தாமதமாகத் தகவல் சொன்னால் சிலர் கழிப்பார்கள். பெயர் ஒன்றேதான், உள்ளடக்கம் ஒன்றல்ல. அட்டவணையில் டிக் அடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள்தான் பின்னால் ஏமாறுகிறார்கள். பாலிசி வாசகத்தைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கி, இந்தக் காப்புக்கான அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். மின்சாரக் கார் என்றால் பேட்டரிக்குத் தனிக் காப்பு உண்டா என்று கேளுங்கள்.

இரண்டாம் வகை, பேஸ்மென்ட்டில் டாஷ்போர்டு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நாள்கணக்கில் நிற்பது. இன்றைய காரில் வயரும் கம்ப்யூட்டரும் இல்லாத இடமே இல்லை, எல்லாம் போய்விடும். பழுதுச் செலவு, பாலிசியில் எழுதிய வாகன மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று முடிவாகும். அப்போது என்ஜின் புரொடெக்ட்டும் பயன்படாது, பாகம் மாற்றும் செலவுக்கான பம்பர் டு பம்பர் காப்பும் பயன்படாது. கைக்கு வருவது ஐ.டி.வி. தொகை மட்டுமே. வாங்கிய விலையே வேண்டுமென்றால் ரிடர்ன் டு இன்வாய்ஸ் என்ற காப்பைச் சேர்த்திருக்க வேண்டும்.

விலை ஒப்பிடும் தளங்களில் கவனிக்க வேண்டியதும் இந்த ஐ.டி.வி.யைத்தான். வயது ஏற ஏற மதிப்பைக் குறைக்க ஒரு அட்டவணை உண்டு: இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள காருக்கு 30 சதவீதம், நான்கு முதல் ஐந்து ஆண்டுக்கு 50 சதவீதம். 10 லட்சம் ரூபாய்ப் பட்டியல் விலையுள்ள காருக்கு மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஐ.டி.வி. 7 லட்சமாவது இருக்க வேண்டும். திரையில் முதலில் வரும் மலிவு விலை 6 லட்சத்துக்குப் போட்டதாக இருக்கலாம். பிரீமியத்தில் சொற்பம் மிச்சம், டோட்டல் லாஸ் ஆனால் ஒரு லட்சம் நஷ்டம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐ.டி.வி., ஒரே கூடுதல் காப்புகள் போட்டுவிட்டுப் பிறகு விலையை ஒப்பிடுங்கள். அதற்கு முன் செய்யும் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

பம்பர் டு பம்பர் எனும் ஜீரோ டெப் பற்றிச் சுருக்கமாக: அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் எதை மாற்றினாலும் பாதிச் செலவு உங்களுடையது. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட காருக்கு இதை வாங்கிவிடுங்கள்.

கம்பெனியை ஆராய்வது

விளம்பரத்தில் "98 சதவீத கிளைம் தீர்வு" என்று போட்டிருப்பார்கள். அது எண்ணிக்கைக் கணக்கு. ஒரு லட்சம் கேட்டவருக்கு 40,000 கொடுத்து முடித்தாலும் "தீர்த்த கிளைம்" பட்டியலில் அது ஒன்று. எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாளில் கொடுத்தார்கள் என்று அந்த எண் சொல்லாது. இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு எண், வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு கிளைமுக்குப் போனது என்ற விகிதம். அது மிகவும் குறைவாக இருந்தால் கம்பெனி கையை இறுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். நூறைத் தாண்டினால் நஷ்டத்தில் ஓடுகிறது, நாளை கெடுபிடி வரும் என்று எதிர்பார்க்கலாம். அவ்வளவுக்குத்தான் அது பயன்படும்.

உண்மையான விவரம் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே இருக்கிறது; யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவுப்படி ஒவ்வொரு கம்பெனியும் காலாண்டுதோறும் பொது வெளியீட்டுப் படிவங்களை அங்கே போட வேண்டும். மூன்றைத் திறந்தால் போதும். என்.எல்.–37 கிளைம் கணக்கு: வந்தவை, தீர்ந்தவை, மறுத்தவை, நிலுவை. என்.எல்.–39 எத்தனை நாளில் தீர்ந்தது என்பதைச் சொல்லும். என்.எல்.–45 புகார்களைச் சொல்லும். மோட்டார் ஓன் டேமேஜ் வரியை மட்டும் பாருங்கள். தேர்டு பார்ட்டி வழக்குகள் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாரும் மோசமாகத் தெரிவார்கள்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு. 2023 அக்டோபர்–டிசம்பர் காலாண்டையும் 2024 ஜனவரி–மார்ச் காலாண்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள். மிக்ஜாம் கிளைம்கள் குவிந்த காலம் அது. முதல் காலாண்டின் கடைசியில் நிலுவை ஏறியிருப்பது இயல்பு. அடுத்த காலாண்டில் அது இறங்கியதா என்பதே கேள்வி. கணக்கு நாடு முழுமைக்கும் சேர்த்தது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் நெருக்கடியில் ஒரு கம்பெனி எப்படி நடந்துகொண்டது என்று எந்த நட்சத்திரக் குறியீட்டையும்விட இது நன்றாகக் காட்டும்.

கடனடைக்கும் திறன் என்று ஒரு விகிதமும் அங்கே இருக்கும். 1.5க்குக் கீழே போகக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. பொதுத்துறைக் கம்பெனிகள் நான்கில் நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா ஆகிய மூன்றும் 2024 மார்ச்சில் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தன. நியூ இந்தியா மேலே இருந்தது. அரசுக் கம்பெனி மூழ்கிவிடாது என்று நம்பி வாங்குவது தவறில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதே என் கட்சி. தனியாரில் ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். இரண்டுக்கும் தலைமை அலுவலகம் சென்னையில்தான். அதனால் கிளைம் வேகமாக வரும் என்று சொல்ல முடியாது. மேல்முறையீட்டுக்கு நேரில் போக வேண்டியிருந்தால் பஸ் டிக்கெட்டோடு வேலை முடியும்.

அடுத்தது பட்டறை. கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாரும் செய்வது. இங்கே ஒரு படி மேலே போக வேண்டும். பள்ளிக்கரணை மூழ்கும்போது பெருங்குடி, வேளச்சேரி பட்டறைகளும் தண்ணீரில்தான் நிற்கும். வண்டலூர், மறைமலை நகர், அம்பத்தூர் போன்ற இடங்களிலும் அந்தக் கம்பெனிக்குக் கேஷ்லெஸ் பட்டறை உண்டா, டோ வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் வரை பணம் தருவார்கள் என்று கேளுங்கள்.

பட்டறைக்குப் போனால் இன்னொரு வேலையும் செய்யலாம். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவரிடம் கேளுங்கள்: "எந்தக் கம்பெனி சர்வேயர் சீக்கிரம் வருகிறார்? யாருடைய அப்ரூவலுக்கு நீங்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறீர்கள்?" அவருக்குப் பாலிசி விற்றுக் கமிஷன் வாங்கும் வேலை இல்லை என்றால் பதில் நேராக வரும். இரண்டு மூன்று பட்டறையில் ஒரே பெயர் வந்தால் அதைவிடச் சான்று தேவையில்லை.

கடைசியாக ஒரு மின்னஞ்சல். பட்டியலில் மிஞ்சிய இரண்டு மூன்று கம்பெனிக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். பேஸ்மென்ட்டில் நின்ற கார் மூழ்கினால் என்ஜின் காப்பு செல்லுமா? நின்ற வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன ஆகும்? ஐ.டி.வி.யை நான் எந்த எல்லைவரை உயர்த்தலாம்? வெள்ள நேரத்தில் தகவல் சொல்ல எத்தனை நேர அவகாசம்? பதில் வந்தால் அது நாளைக்குச் சாட்சி. வெறும் விளம்பரத் தாளை இணைத்து அனுப்பினாலும், பதிலே வராவிட்டாலும், அதுவும் ஒரு பதில்தான்.

ஓ.எம்.ஆர். வேலைக்காரர்களுக்கு

ஆன்லைனா, ஏஜென்ட்டா? ஆன்லைன் மலிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிளைம் என்பது வேலை நாளில் வரும் வேலை. போனில் காத்திருக்கவும் பட்டறைக்கு ஓடவும் லீவு வேண்டும். லீவு கிடைக்காத வேலையில் இருப்பவருக்கு மேடவாக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட் அந்தக் கூடுதல் விலைக்குத் தகுதியானவர். ஒரு நிபந்தனை: 2023 டிசம்பரில் யார் யாருக்குக் கிளைம் முடித்துக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

சம்பளத்தோடு கார் லீஸ் எடுத்திருந்தால், கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் இல்லை. லீஸ் தரும் நிறுவனம். கையெழுத்துப் போடும் முன் என்ஜின் காப்பு இருக்கிறதா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கான என்.சி.பி. தள்ளுபடி, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேரும். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதத்துக்கு வரும் தள்ளுபடி அது. சொந்தக் காரை விற்றுப் புதியது வாங்கினால் அதை உங்களோடு எடுத்துப் போகலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் கடந்தால் போய்விடும். சின்னக் கீறலுக்குக் கிளைம் கேட்பதற்கு முன் இந்தத் தள்ளுபடி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது வேண்டாம். சனி ஞாயிறு நண்பர் கேட்டார் என்று வாடகைக்குக் கொடுத்தால் தனியார் பாலிசியில் கிளைம் நிற்காது. பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், ஆர்.சி. ஒரு பெயரிலும் பாலிசி இன்னொரு பெயரிலும் இருந்தால் ஓன் டேமேஜ் கிடைக்காது. கட்டாயமான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் இரண்டாவது வண்டிக்கும் அதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை. இதையும் கேட்டால்தான் கழிப்பார்கள்.

பணம் கட்டியதும் எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பாலிசி விற்பவர்கள் இல்லாத ஊர் எதுவும் இல்லை.

தண்ணீர் வந்துவிட்டால்

ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் மட்டமும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரிய போட்டோ எடுங்கள். அன்றே கம்பெனிக்குச் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். டோ வண்டிதான் வர வேண்டும்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளைமை மறுக்கவும் கூடாது. இந்த நாள்கணக்கைக் குறிப்பிட்டு எழுதும் மின்னஞ்சலுக்கு மரியாதை அதிகம்.

மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 என்ற எண்ணிலும் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அங்கே வரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அந்தச் சனிக்கிழமையை ஆகஸ்டில் ஒதுக்குங்கள்.